பேசும் அரபியா, படிக்கும் அரபியா? இந்தோனேசிய விடுதிப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டு விவாதம்

அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாடுகளில் மார்க்கக் கல்வி பெறும் மாணவர் ஆண்டுக்கணக்கில் அரபி நூல்களோடு வாழ்கிறார். நஹ்வு, ஸர்ஃபு ஆகிய இலக்கணப் பாடங்களில் தேறுகிறார். சட்ட நூல்களை வரிவரியாக ஓதி முடிக்கிறார். அதே மாணவர் அரபு நாட்டவர் ஒருவரோடு பத்து நிமிடம் உரையாட நேர்ந்தால் திணறிப்போவதுண்டு. இதைக் கல்வியின் தோல்வி என்கிறார்கள் சிலர். பேச்சு அந்தக் கல்வியின் நோக்கமாகவே இருந்ததில்லை, எடுத்துக்கொள்ளாத பொறுப்பை வைத்து அதை அளப்பது நியாயமாகாது என்கிறார்கள் வேறு சிலர்.

கேள்வி பழையது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது ‘முகத்திமா’ நூலில் மொழித்திறனை ஒரு கைத்தொழிலாகவே கருதினார். திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அது ஊன்றும் என்றார். தையலின் ஒவ்வோர் அசைவையும் விளக்கத் தெரிந்தவரிடம் ஊசியைக் கொடுத்தால் தைக்கத் தெரியாமல் நிற்கக்கூடும். இலக்கண விதிகளை மட்டும் அறிந்தவரின் நிலையும் அதுவே என்பது அவர் காட்டிய உவமை. குர்ஆன் மனப்பாடத்தோடு பெரும்பாலும் நின்றுவிட்ட மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்க) மாணவர்களைவிட, கவிதையும் உரைநடையும் இளவயதிலேயே பயின்ற அந்தலூசிய (முஸ்லிம் ஸ்பெயின்) மாணவர்களுக்கு அரபி நன்கு கைவந்தது என்றும் அவர் கணித்தார். விதியை அறிவதற்கும் மொழி நாவில் படிவதற்கும் இடையே அவர் கண்ட இந்த வேறுபாடு, பின்னால் வந்த எல்லா விவாதங்களுக்கும் அடியில் கிடக்கிறது.

இந்த விவாதம் மிகத் தெளிவாக நடந்த இடங்களில் ஒன்று இந்தோனேசியா. அங்குள்ள இஸ்லாமிய விடுதிப் பள்ளிகளுக்குப் ‘பெசந்த்ரென்’ என்று பெயர். மாணவர் ‘சந்த்ரி’, தலைமை ஆசான் ‘கியாய்’. கிழக்கு ஜாவா என்னும் ஒரே மாகாணத்திலேயே, அரபியைப் படிப்பதற்கு மட்டும் கற்பிக்கும் விடுதிகளும் நாள் முழுவதும் அரபியில் பேசவைக்கும் விடுதிகளும் தலைமுறைகளாக அருகருகே இயங்கிவருகின்றன. 2019ஆம் ஆண்டின் பெசந்த்ரென் சட்டம் (எண் 18) ‘கிதாபு’ எனப்படும் பழைய அரபி நூல்களின் வழிக் கல்வியையும் ‘முஅல்லிமீன்’ எனப்படும் நவீன வகுப்புமுறைக் கல்வியையும் பெசந்த்ரென் கல்வியின் வடிவங்களாக ஏற்றுக்கொண்டது. அரசைப் பொறுத்தவரை இரண்டும் செல்லும். கற்பித்தலைப் பொறுத்தவரை எது எதற்குச் செல்லும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

கிதாபு மரபு: மொழி ஒரு கருவி

பழைய மரபைப் பேணும் பெசந்த்ரென்களில் அரபி ஒரு ‘கருவிக் கலை’. குர்ஆன் விளக்கம், நபிமொழி, மார்க்கச் சட்டம் ஆகியவற்றுக்குள் நுழைய அது வாசல். 1899இல் ஹாஷிம் அஷ்அரி ஜொம்பாங் வட்டாரத்தில் தொடங்கிய தெபுஇரெங், 1910இல் கெதிரியில் தோன்றிய லிர்போயோ, பாசுருவானில் உள்ள பழமையான சிதோகிரி ஆகியவை இந்த மரபில் பெயர்பெற்றவை. பாடம் இரண்டு வழிகளில் நடக்கும். ‘சொரோகான்’ முறையில் மாணவர் தனியாக ஆசானின் முன் அமர்ந்து நூலை ஓதிக் காட்டுவார். ‘பந்தோங்கான்’ முறையில் ஆசான் ஓதிப் பொருள் சொல்ல, சுற்றி அமர்ந்த மாணவர்கள் தங்கள் பிரதியில் குறித்துக்கொள்வார்கள்.

அந்தக் குறிப்பு முறைதான் இம்மரபின் நுட்பம். அரபி வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஜாவானியப் பொருள் சாய்வாகத் தொங்கும்படி எழுதப்படும். எழுத்து ‘பெகோன்’, அதாவது அரபி எழுத்தில் எழுதிய ஜாவானியம். தமிழ் முஸ்லிம்களின் அரபுத்தமிழை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஜாவானியப் பொருளோடு இலக்கண அடையாளமும் சேர்ந்து வரும். எழுவாய்க்கு முன் ‘உதாவி’, பயனிலைக்கு முன் ‘இகு’, செயப்படுபொருளுக்கு முன் ‘இங்’ என்று சொல்லியே வாசிப்பார்கள். சொல்லின் பொருளும் வாக்கியத்தில் அது நிற்கும் இடமும் ஒருசேர மனத்தில் பதிகின்றன. ஆஜுர்ரூமிய்யா, இம்ரீத்தி, இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா எனப் படிப்படியாக ஏறும் இலக்கணப் பாடம் இதற்குத் துணைநிற்கிறது.

இம்முறையின் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. உயிர்க்குறிகள் இடப்படாத அரபி நூலைச் சரியாக வாசிக்க, ஒவ்வொரு சொல்லின் இலக்கண நிலையையும் முதலில் உணர வேண்டும். பேச்சு அரபி மட்டும் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார். கிதாபு மரபில் வந்தவர் தடுமாறமாட்டார். பந்தனிலிருந்து மக்கா சென்று குடியேறிய நவவி அல்பந்தனி (1813–1897) அரபியிலேயே எழுதிய நூல்கள் இன்றும் பெசந்த்ரென்களில் ஓதப்படுகின்றன. தீவுக்கூட்டத்தின் கல்வி மரபு அரபியில் நூல் இயற்றும் அறிஞர்களையும் தந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

குறைகளும் உண்டு. முதலாவது, காலம். அல்ஃபிய்யா வரை ஏறப் பல ஆண்டுகள் வேண்டும். நடுவில் விடுதியை விட்டுச் செல்பவர் கையில் பாதிக் கருவியே மிஞ்சும். இரண்டாவது, ஒவ்வொரு வாக்கியமும் ஜாவானியத்தின் வழியாகவே மனத்துக்குள் போவதால் வாசிப்பு துல்லியமாகிறது, ஆனால் வேகம் கூடுவதில்லை. மூன்றாவது, செவிக்குப் பயிற்சி இல்லை. இக்கால நாளிதழ் நடையும் வானொலி நடையும் இந்த மாணவருக்குப் புதியவையாக நிற்கின்றன. ஜாவானியம் அறியாத பிற தீவு மாணவர் ஒரு மொழியைக் கற்க இன்னொரு மொழியையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கிறது.

இவற்றுள் முதல் குறையை மரபே உணர்ந்து திருத்த முயன்றது. 2000களின் தொடக்கத்தில் ஜெபாராவைச் சேர்ந்த தௌஃபீக்குல் ஹகீம் உருவாக்கிய ‘அம்திலத்தீ’ முறை, இலக்கணத்தைச் சுருக்கி, குர்ஆன் எடுத்துக்காட்டுகளோடு அடுக்கிக் கற்பித்துப் பரவலான வரவேற்பைப் பெற்றது. சிதோகிரியும் ‘அல்மிஃப்தாஹ்’ என்னும் விரைவுமுறையைக் கொண்டுவந்தது. இரண்டுமே வாசிப்புக்குப் போகும் பாதையைக் குறுக்கின. பேச்சை இலக்காகக் கொள்ளவில்லை. பேச்சைத் தவிர்த்தது மரபின் கவனக்குறைவால் அன்று, தெரிந்தே செய்த தேர்வால் என்று எண்ண இது இடம் தருகிறது.

கெய்ரோ வழியாகப் பாடாங், பாடாங் வழியாகக் கொந்தோர்

மொழிபெயர்க்காமல், கற்கும் மொழியிலேயே அந்த மொழியைக் கற்பிக்கும் ‘நேர்முறை’ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. இந்தோனேசிய அரபிக் கல்விக்குள் அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மேற்கு சுமத்ராவின் மஹ்மூத் யூனுஸ் (1899–1982). கெய்ரோவில் அல்அஸ்ஹரிலும் தாருல் உலூமிலும் கற்றுத் திரும்பிய அவர், 1931இல் பாடாங்கில் ‘நார்மல் இஸ்லாம்’ என்னும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ஜாவாவிலிருந்து சென்ற இமாம் ஸர்கஷி (1910–1985).

ஸர்கஷியும் அவருடைய மூத்த சகோதரர்கள் அஹ்மத் ஸஹால், ஸைனுத்தீன் ஃபனானி ஆகியோரும் சேர்ந்து, கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ மாவட்டத்துக் கொந்தோர் கிராமத்தில் நவீன பெசந்த்ரென் ஒன்றை உருவாக்கினர். தொடக்க ஆண்டு 1926. அதன் நடுநாயகமான ஆறாண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்வி 1936 டிசம்பரில் ஸர்கஷி ஊர் திரும்பியபின் ஆரம்பமானது. கொந்தோர் தன் வரலாற்றைச் சொல்லும்போது 1926இல் சுரபாயாவில் கூடிய முஸ்லிம் மாநாட்டைத் தவறாமல் குறிப்பிடுகிறது. மக்காவில் நடக்கவிருந்த உலக மாநாட்டுக்கு அரபியும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது; இரண்டும் ஒருசேர அறிந்த ஆள் கிடைக்காமல், இறுதியில் இருவரை அனுப்ப நேர்ந்தது. அந்தக் குறை அஹ்மத் ஸஹாலின் மனத்தில் தைத்தது என்கிறது அவ்வரலாறு. பேச்சு மொழி இங்கே ஒரு சமூகத்தின் தன்மானத்தோடு பிணைந்து நுழைந்தது. மொழி விடுதியின் மகுடம் என்று அங்கே சொல்லப்படுவதன் பின்னணி இது.

வகுப்பறையில் முறை எளிது. ஆசிரியர் பொருளைக் காட்டுவார், அரபியில் பெயர் சொல்வார், மாணவர்கள் கூடச் சொல்வார்கள், பிறகு அந்தச் சொல்லைப் பல வாக்கியங்களில் பொருத்துவார்கள். தாய்மொழியில் பொருள் சொல்வதில்லை. ஆயிரம் சொல்லை ஒரு வாக்கியத்தில் அடைப்பதைவிட ஒரு சொல்லை ஆயிரம் வாக்கியங்களில் ஆள்வது மேல் என்ற பொருளில் அங்கு ஒரு பழமொழியே உண்டு. ஸர்கஷியும் இமாம் ஷுபானியும் எழுதிய பாடநூல் முதலாண்டைத் தாங்குகிறது. இலக்கணம் பிறகுதான் வருகிறது. அதுவும் எகிப்தின் அலீ அல்ஜாரிம், முஸ்தஃபா அமீன் எழுதிய ‘அந்நஹ்வுல் வாழிஹ்’ வழியாக. எடுத்துக்காட்டை முன்வைத்து விதியைப் பின்னால் வருவிக்கும் நூல் அது. பழைய கிதாபுகளைப் புரட்டித் தாமே விடை தேடும் பயிற்சி இறுதியாண்டில் சிறப்பாக நடத்தப்படுகிறது.

இப்பள்ளியின் மாணவர்கள் இந்தோனேசியப் பொதுவாழ்வில் பரந்து நிற்கிறார்கள். சிந்தனையாளர் நூர்ஹோலிஷ் மஜித், நஹ்தத்துல் உலமா அமைப்புக்குத் தலைவராயிருந்த ஹாஷிம் முஸாதி, முஹம்மதிய்யா அமைப்புக்குத் தலைவராயிருந்த தீன் ஷம்சுத்தீன் மூவரும் இங்கே பயின்றவர்கள். அந்நாட்டின் இரு பெரும் முஸ்லிம் அமைப்புகளுக்கும் ஒரே விடுதி தலைவர்களைத் தந்தது சிறிய செய்தி அல்ல. ஜகார்த்தாவின் தாருந்நஜா, மதுராவின் அல்அமீன் போன்ற பல விடுதிகள் கொந்தோரின் பாடமுறையைப் பின்பற்றின.

கிதாபு மரபினர் எழுப்பும் மறுப்பு நேரானது. சரளமாகப் பேசுகிறார்கள், ஆனால் ஒரு சட்ட நூலின் சிக்கலான பத்தியைக் கொடுத்தால் உயிர்க்குறி தவறாமல் வாசிப்பார்களா? அகலம் கிடைத்தது, ஆழம் எங்கே? இதற்கு நவீன மரபினர் சொல்லும் விடை, தாங்கள் திறவுகோலைத் தருகிறோம், கதவுகளை மாணவர் வாழ்நாள் முழுதும் திறந்துகொள்வார் என்பது. திறவுகோலைப் பெற்றவர்களில் எத்தனை பேர் பின்னர் கதவைத் திறந்தார்கள் என்பது வேறு கேள்வி. தலைவர்களான மாணவர்களின் பெயர்ப் பட்டியல் அதற்கு விடையாகாது.

சூழலும் கண்காணிப்பும்

நேர்முறை வகுப்பறைக்கானது. கொந்தோர் மரபு செய்த பெரிய மாற்றம் அதை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோனதுதான். விடியற்காலையில் புதிய சொற்கள் தரப்படும். வார நாட்களில் இணை இணையாக நின்று உரையாடல் பயிற்சி. மேடைப் பேச்சுக்குத் தனி நேரம். அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் முறைவைத்து வாரங்கள். உணவுக்கூடம், குளியலறை, விளையாட்டுத் திடல் எங்கும் அந்தந்த வாரத்தின் மொழியே. இதை நடத்துபவர்கள் பெரும்பாலும் மூத்த மாணவர்கள்.

சூழலைக் காக்க ஒழுங்கும் வந்தது. விதி மீறியவரை விசாரிக்கும் ‘மொழி நீதிமன்றம்’, மீறுபவர்களைக் கவனித்துப் பெயர் தரும் ‘ஜாசூஸ்’ என்னும் ஒற்றர் முறை, கூடுதல் சொற்களை மனப்பாடம் செய்யும் தண்டனை ஆகியவை இவ்வகை விடுதிகளில் அறியப்பட்டவை. கொந்தோரில் பயின்ற அஹ்மத் ஃபுவாதி 2009இல் வெளியிட்ட ‘நெகெரி லிமா மெனாரா’ நாவல், இத்தகைய விடுதி வாழ்க்கையை நாட்டின் பொது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

இந்த ஒழுங்கை ஆதரிப்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. எல்லாருக்கும் நன்கு தெரிந்த இந்தோனேசிய மொழி ஒன்று இருக்கும்போது, களைத்த மாலைப் பொழுதில் எந்த இளைஞனும் தானாக அரபியைத் தேர்ந்தெடுக்க மாட்டான். விதி இல்லாவிட்டால் சூழல் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். மேலும் அச்சேவிலிருந்தும் மதுராவிலிருந்தும் சுலவேசியிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு, யாருடைய வட்டார மொழியும் மேலோங்காத பொது மொழி ஒன்று கிடைக்கிறது.

எதிர்வாதமும் கனமானது. பயத்தில் இருப்பவர் தவறாகப் பேசுவதற்குப் பதில் பேசாமலே இருந்துவிடுகிறார். கற்பவரின் பதற்றம் மொழி உள்ளே இறங்குவதைத் தடுக்கிறது என்று 1980களில் ஸ்டீஃபன் கிராஷன் முன்வைத்த கருத்து இங்கே அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அக்கருத்தின் சில பகுதிகளை ஆய்வாளர்கள் மறுத்திருந்தாலும், பதற்றம் பேச்சைக் குறைக்கிறது என்பதை ஆசிரியர் எவரும் தம் வகுப்பிலேயே காணலாம். இதைவிட அடிப்படையான மறுப்பு அறம் சார்ந்தது. தோழனை உளவு பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்த்துவிட்டு, அதே விடுதியில் சகோதரத்துவத்தை எப்படிப் போதிப்பது?

இங்கே ஆய்வு முறை சார்ந்த சிக்கலும் இருக்கிறது. பயிற்சியும் தண்டனையும் ஒரே பொதியாகவே மாணவரை வந்தடைகின்றன. சரளம் தண்டனையால் வந்ததா, நாள்தோறும் பல மணிநேரம் பேசியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். தண்டனை முறைக்கு ஆதரவாகக் காட்டப்படும் வெற்றிகள் உண்மையில் பயிற்சி நேரத்தின் வெற்றிகளாகவும் இருக்கலாம்.

விடுதிக்குள் பிறந்த அரபி

நாள் முழுவதும் அரபியில் பேசும் மாணவர்கள் பேசுவது எந்த அரபி? நவீன பெசந்த்ரென்களை அறிந்தவர்கள் அடிக்கடி சுட்டும் சில எடுத்துக்காட்டுகள் இதைத் தெளிவாக்கும். ‘பரவாயில்லை’ என்பதற்கு இந்தோனேசிய மொழியில் ‘தீடாக் அப்பா அப்பா’ என்பார்கள். அதன் ஒவ்வொரு சொல்லையும் அரபியாக்கி ‘லா மாதா மாதா’ என்கிறார்கள் மாணவர்கள். நன்றிக்கு மறுமொழியாகச் சொல்லும் ‘சாமா சாமா’ அதே வழியில் ‘ஸவா ஸவா’ ஆகிறது. சொற்கள் அரபி; கட்டமைப்பு இந்தோனேசியம். அரபு நாட்டவருக்கு இவை விளங்குவது அரிது.

இதற்கு மொழிக்கல்வி ஆய்வில் விளக்கம் உண்டு. கற்பவர் தமக்கென அமைத்துக்கொள்ளும் இடைமொழி, ஒரு கட்டத்தில் உறைந்து நின்றுவிடலாம் என்று 1972இல் லாரி செலிங்கர் எழுதினார். கனடாவில் பிரெஞ்சு வழியாகவே பாடங்களைக் கற்ற ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டும் அவர்களின் பேச்சில் இலக்கணத் துல்லியம் பின்தங்கியதை 1985இல் சுட்டிக்காட்டினார். கேட்பது மட்டும் போதாது, திருத்தம் பெற்றுத் துல்லியமாகப் பேசும் கட்டாயமும் வேண்டும் என்பது அவர் முடிவு. பெசந்த்ரெனில் நிலைமை இன்னும் கடினம். கனடியக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு நன்கறிந்த ஆசிரியர் இருந்தார். இங்கே மாணவர் பெரும்பாலும் இன்னொரு மாணவரிடமிருந்தே கேட்கிறார். கற்பிப்பவரும் அதே விடுதியில் பயின்றவராக இருப்பது வழக்கம். இன்று ஒருவர் செய்யும் பிழை நாளை விடுதியின் வழக்காகி, அடுத்த ஆண்டு புதிய மாணவருக்குப் பாடமாகிவிடுகிறது.

இந்த விடுதி அரபியைப் பிழை என்று ஒதுக்க வேண்டுமா? உலகெங்கும் ஆங்கிலம் உள்ளூர் வடிவங்கள் எடுத்ததுபோல் இதுவும் ஒரு சமூகத்தின் மொழிதானே என்று கேட்கலாம். தயங்காமல் பேசும் பழக்கத்தைத் தந்ததே அதன் பணி, திருத்தம் பின்னால் வரும் என்றும் வாதிடலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பெசந்த்ரென் மாணவர் அரபி கற்பது முதன்மையாகக் குர்ஆனையும் அதைச் சுற்றிய நூல்களையும் அணுகுவதற்காக. அந்த நூல்களின் வாக்கிய அமைப்பிலிருந்து விலகிப்போகும் பேச்சு வழக்கு, அவருடைய சொந்த நோக்கத்துக்கே இடையூறாகலாம். உள்ளூர் ஆங்கிலத்தோடு ஒப்பிடும் வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

எந்த அரபியைப் பேசுவது?

பேச்சு அரபி என்று சொன்னதுமே இன்னொரு சிக்கல் எழுகிறது. 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கு குறித்து எழுதிய கட்டுரையில் அரபியை முதன்மை எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் கொண்டார். எழுத்துக்கும் மேடைக்கும் செம்மொழி வடிவமான ஃபுஸ்ஹா. வீட்டுக்கும் தெருவுக்கும் வட்டார வழக்கு. செந்தமிழும் பேச்சுத்தமிழும் விலகிநிற்பதை அறிந்த தமிழருக்கு இது விளங்காததன்று. 1973இல் எகிப்திய மொழியியலாளர் அஸ்ஸயித் பதவி இரண்டு போதாது என்று, எகிப்தின் அரபியை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்.

பெசந்த்ரென்கள் பேசவைப்பது ஃபுஸ்ஹாவை. அது எந்த அரபு வீட்டிலும் குழந்தை முதலில் கேட்கும் மொழி அல்ல. அல்அஸ்ஹரில் சேரும் இந்தோனேசிய மாணவர் நூலையும் பிரசங்கத்தையும் புரிந்துகொள்வார். கெய்ரோவின் காய்கறிக் கடையில் புதிதாகக் கற்கத் தொடங்குவார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முன்தர் யூனுஸ் போன்றோர், செம்மொழியையும் ஒரு வட்டார வழக்கையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தனர். அரபுச் சமூகத்தில் போய் வாழப்போகும் மாணவருக்கு அது பொருந்தும். விடுதி மாணவர்களில் பெரும்பாலோர் அப்படிப் போவதில்லை. அவர்களுக்கு ஃபுஸ்ஹாவே ஏற்றது. குர்ஆனுக்கு நெருக்கமானது அது. எந்த ஒரு நாட்டின் வழக்குக்கும் அவர்களைக் கட்டிப்போடாதது. பேச்சையும் படிப்பையும் இணைக்க வாய்ப்புள்ள ஒரே வடிவமும் அதுதான்.

சவுதி பல்கலைக்கழகம் ஒன்றின் கிளையாக 1980இல் ஜகார்த்தாவில் தொடங்கிய ‘லிபியா’ (LIPIA) என்னும் கல்வி நிறுவனம் ஃபுஸ்ஹா வழியாகவே பாடம் நடத்தி இப்போக்குக்கு வலுச்சேர்த்தது. சவுதியில் உருவான பாடநூல்களும் பரவின. அவற்றில் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் மூன்று பாகப் பாடநூல் தமிழருக்கு அணுக்கமானது. அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காக அதை எழுதிய டாக்டர் வ. அப்துர் ரஹீம் வாணியம்பாடியில் பிறந்தவர். எளிய கேள்வி-பதிலில் தொடங்கி, இலக்கணத்தை உரையாடலுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டு போகும் அந்நூல், இரு மரபுகளுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று சாத்தியம் என்பதற்கு நல்ல சான்று.

இந்தியாவில் இதே கேள்வி

இடைவழியை வேறு விதமாகத் தேடியது இந்தியா. முல்லா நிஜாமுத்தீனின் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டம், இலக்கணத்துக்கும் தர்க்கத்துக்கும் முதலிடம் தந்தது. 1894இல் தோன்றிய நத்வத்துல் உலமா அமைப்பு அரபியை உயிருள்ள மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்றது. 1930களின் தொடக்கத்தில் மொரோக்கோ அறிஞர் தகீயுத்தீன் அல்ஹிலாலி, லக்னோவில் அவ்வமைப்பு நடத்திய கல்விக்கூடமான நத்வாவுக்கு ஆசிரியராக வந்தார். 1932இல் மஸ்ஊத் ஆலம் நத்வியை ஆசிரியராகக் கொண்டு ‘அழ்ழியா’ என்னும் அரபி இதழ் வெளிவந்தது. அபுல் ஹஸன் அலீ நத்வி (1914–1999) சிறுவர்களுக்கு எளிய அரபியில் நபிமார்களின் கதைகளை எழுதினார். அவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆண்டு மனத்தில் பதியவைப்பவை. தேவ்பந்த் மதரஸாவில் வஹீதுஸ்ஸமான் கைரானவி (1930–1995) மாணவர்களுக்கான அரபி இலக்கிய மன்றத்தை அமைத்துப் பேச்சுக்கும் எழுத்துக்கும் களம் தந்தார்.

கொந்தோர் பேச்சிலிருந்து தொடங்கியது. நத்வா நல்ல உரைநடையிலிருந்து தொடங்கியது. நத்வாவில் மாணவர் முன் வைக்கப்பட்ட அரபி, தேர்ந்த எழுத்தாளர்களின் அரபி. அவருடைய பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. அந்தலூசியாவைப் பற்றி இப்னு கல்தூன் சொன்னதற்கு மிக நெருக்கமானது இவ்வழி. ஆனால் இலக்கிய நாட்டம் உள்ள மாணவரை இது உயர்த்தும் அளவுக்குச் சராசரி மாணவரை உயர்த்துமா என்ற ஐயம் எழவே செய்கிறது.

தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த விவாதம் வெளியூர்ச் செய்தி அன்று. தமிழகத்தின் வட மாவட்ட மதரஸாக்கள் பலவற்றில் நெடுங்காலம் உருதுவின் வழியாகவே அரபி ஓதிக்கொடுக்கப்பட்டது. தமிழ் பேசும் பிள்ளைக்கு, ஜாவானியம் அறியாத சந்த்ரியின் சுமையே இங்கும் நேர்ந்தது. 1924இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமும், 1973இல் இலங்கையின் பேருவளையில் தொடங்கிய நளீமிய்யாவும் அரபியைப் பயன்பாட்டு மொழியாக வளர்க்க முயன்ற நிறுவனங்களில் குறிப்பிடத்தக்கவை.

பேச்சு படிப்புக்கு உதவுமா?

எல்லா வாதங்களும் இறுதியில் வந்து முட்டும் இடம் இது. பேசப் பழகிய மாணவர் கிதாபை எளிதாகப் படிப்பாரா?

உதவும் என்பவர்களின் காரணம், சொற்களும் வினைவடிவங்களும் யோசிக்காமலே நினைவுக்கு வரும் நிலையைப் பேச்சு உண்டாக்குகிறது என்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசிக்காத வாசகர் பொருளில் கவனம் செலுத்தலாம். உதவாது என்பவர்கள் சொற்தொகுதியைக் காட்டுகிறார்கள். விடுதிப் பேச்சில் புழங்குவது வாளி, சோப்பு, வரிசை, விளையாட்டு. சட்ட நூலில் வருவது ஒப்பந்தம், நிபந்தனை, விலக்கு. அதோடு பேச்சில் இறுதி உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடலாம். நூல் வாசிப்பில் அவைதான் உயிர்நாடி.

இரு மரபுகளையும் நேராக ஒப்பிடுவது எளிதன்று. சேரும் மாணவர்கள் வேறு, குடும்பப் பின்னணி வேறு, கற்கும் ஆண்டுகள் வேறு. அளவுகோல்களும் தனித்தனி. கிதாபு மரபுக்கு நூல் வாசிப்புப் போட்டிகள். இந்தோனேசிய மத விவகார அமைச்சு 2004 முதல் அவற்றைத் தேசிய அளவில் நடத்திவருகிறது. நவீன மரபுக்குச் சொற்பொழிவும் விவாதமும். ஒவ்வொரு மரபும் தான் வெல்லும் மேடையிலேயே தன்னை அளந்துகொள்கிறது. ஒரே மாணவரின் பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து நான்கையும் ஆண்டுதோறும் சேர்த்து அளக்கும் பொது முறை இல்லாதவரை, வாதம் நம்பிக்கைக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான வாதமாகவே நிற்கும்.

மதிப்பீடு

ஒரு நூற்றாண்டு அனுபவம் சிலவற்றை உறுதிப்படுத்திவிட்டது. இலக்கணம் கற்பித்தால் பேச்சு தானாக வரும் என்ற எதிர்பார்ப்பு நிலைக்கவில்லை. பேசவைத்தால் துல்லியம் தானாக வரும் என்பதும் நிலைக்கவில்லை. அரபு ஆசிரியர் இல்லாத ஒரு கிராம விடுதியிலும் ஒரு தலைமுறையை அரபியில் பேசவைக்க முடியும் என்பதைக் கொந்தோர் மெய்ப்பித்தது. பேசாமலே நூல்களில் ஆழ்ந்து செல்ல முடியும் என்பதைக் கிதாபு மரபு மெய்ப்பித்தது. இரண்டும் உண்மையான சாதனைகள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உண்டு. பேச்சுத்திறன் நூல் வாசிப்புக்கு எந்த அளவு கைகொடுக்கிறது? இலக்கணத்தை எந்த ஆண்டில் தொடங்குவது நல்லது? உறைந்துபோன விடுதி வழக்கை எந்த வயதுவரை திருத்த முடியும்? கண்காணிப்பை நீக்கினால் சூழல் நிலைக்குமா? கடைசிக் கேள்விக்கு விடை காண ஒரே வழி, சில விடுதிகளாவது துணிந்து நீக்கிப் பார்த்து, விளைவை நேர்மையாகப் பதிவுசெய்வதுதான்.

விடைகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயல்கள் சில இருக்கின்றன. ஒவ்வொரு விடுதியும் தன் மாணவர் அரபியைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறது என்பதை முதலில் எழுதிவைக்கட்டும். நூல் படிக்க என்றால் பேச்சுக் கட்டாயத்தில் போகும் மணிநேரங்களை மறுபரிசீலனை செய்யட்டும். உலகோடு உரையாட என்றால் நல்ல அரபியைக் கேட்கவும் படிக்கவும் பேச்சுக்கு இணையான நேரம் ஒதுக்கட்டும். தரமான ஒலிப்பதிவுகளும், சிறுவர் கதையில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் வாசிப்பு நூல்களும் இன்று எளிதில் கிடைக்கின்றன. தவறைக் கண்டுபிடிக்கச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கைத் தவறைத் திருத்துவதற்குச் செலவிட்டாலே விடுதி அரபியின் நிலை மாறும். தோழனைக் காட்டிக்கொடுக்கும் முறையை மட்டும் எந்த ஆய்வு முடிவுக்கும் காத்திராமல் கைவிட வேண்டும். மார்க்கக் கல்வி பிள்ளைகளிடம் வளர்க்க வந்த பண்புக்கு அது நேர் எதிரானது. எவ்வளவு சரளம் கிடைத்தாலும் அந்த விலையைக் கொடுக்கத் தகாது.